காஷ்மீரில் இருந்து லயத்து வேலிக்கு

நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடையே உள்ள ஒரு தோட்டத்தில், தை மாதத்து விடியற்காலை ஒன்றில், ஒரு குடும்பத்தைச் சந்திக்க நாம் போயிருந்தோம். இரவு விழுந்த பனி புல்நுனியில் இன்னும் வெள்ளையாகக் கிடந்தது. லயத்தின் கோடியில் கான் ஓடும் இடத்தில் ஒரு பழைய வேலி. அதன் கீழ்க்கிளையில் ஒரு சிறு குருவி வந்து அமர்ந்தது. வாலை இரண்டு தரம் மேலே சுண்டியது. தரையில் இறங்கி எதையோ கொத்திக்கொண்டு மீண்டும் அதே கிளைக்கு ஏறியது. அது எம் பக்கம் திரும்பியபோது அதன் தொண்டையும் மார்பும் அடுப்புத் தணல் போலச் சிவந்திருந்ததைக் கண்டோம்.

கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்ற ஒரு மூதாட்டி எம்மைப் பார்த்துச் சிரித்தார்.

"அது பனிக்காலத்துக் குருவிங்க சாமி. ஐப்பசியில வரும். பங்குனி முடியிறதுக்குள்ள போயிடும். நான் கலியாணம் கட்டி இந்த லயத்துக்கு வந்த வருஷத்துல இருந்து பார்க்கிறேன். எங்க இருந்து வருது, எங்க போகுதுன்னு மட்டும் யாருக்கும் தெரியாது."

அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் உண்டு. அதை எமது வாசகர்கள் யாவரும் அறிந்திருப்பது நல்லது என்பதால் இம்முறை இக்குருவியைப் பற்றி எழுதுகிறோம்.

குருவியின் அடையாளம்

நூல்களில் இதன் பெயர் காஷ்மீர் ஈப்பிடிப்பான். நீளம் 13 சென்ரிமீற்றர் அளவே; சிட்டுக்குருவியிலும் சற்றுச் சிறியது. ஆணின் முதுகும் தலையும் சாம்பல் கலந்த பழுப்பு நிறம். தொண்டை, மார்பு, விலாப்பக்கம் ஆகியவை செம்மஞ்சள் கலந்த சிவப்பு. அந்தச் சிவப்பின் இரு ஓரங்களிலும், கழுத்திலிருந்து மார்புவரை, கறுப்புக் கரை போட்டது போல ஒரு கோடு இறங்கும். இதுவே முக்கிய அடையாளம். வால் கறுப்பு, அதன் அடியில் இருபுறமும் வெள்ளை. வாலைச் சுண்டும்போது அந்த வெள்ளை பளிச்சென்று தெரியும். பெண் குருவி அவ்வளவு வண்ணம் உடையதல்ல. அதன் மார்பில் மங்கலான செம்மை மட்டுமே இருக்கும், சிலவற்றில் அதுவும் இராது.

மார்பு சிவந்த குருவி எல்லாம் இதுவென்று எண்ணிவிடக்கூடாது. மலையின் தாழ்ந்த பகுதிகளில் செம்மஞ்சள் மார்புடைய வேறொரு ஈப்பிடிப்பானும் உண்டு. அதன் முதுகு நல்ல நீலம். அது ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பது. நாம் சொல்லும் குருவியின் முதுகில் நீலம் கிடையாது.

இது பெரும்பாலும் தனியாகவே காணப்படும். தாழ்ந்த கிளை, வேலிக்கம்பு, கானின் ஓரத்துக் கல் ஆகியவையே இதன் இருக்கைகள். அங்கிருந்து பறந்து ஈயையும் அந்துப்பூச்சியையும் பிடிக்கும். தரையில் இறங்கிப் புழுவையும் வண்டையும் பொறுக்கும். கண்ணில் படுமுன் இதன் குரலே காதில் விழும். கிளுகிளுப்பையை மெல்ல ஆட்டினாற்போன்ற சிறு ஒலி அது. இனிய சிறு பாட்டும் இதற்கு உண்டு.

கிளையினமா, தனியினமா?

பறவை நூலோர் "இனம்" என்றும் "கிளையினம்" என்றும் இரண்டு சொற்களை வழங்குகின்றனர். வன்னியில் வாழும் எமது வாசகர்கள் நன்கறிந்த ஓர் உதாரணத்தால் இதை விளக்கலாம்.

வன்னிக் காடுகளிலும் குளக்கரைகளிலும் நீண்ட நாடாபோன்ற வாலுடன் பறக்கும் அரசவால் ஈப்பிடிப்பானைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சிங்கள மக்கள் அதன் செந்நிறத்தைக் கண்டு "கினி ஹொரா", அதாவது நெருப்புத் திருடன் என்பார்கள். வெள்ளை நிறத்தைக் கண்டால் "ரெதி ஹொரா", துணித் திருடன் என்பார்கள். இவை இரண்டும் ஒரே இனம்தான். இலங்கையிலேயே பிறந்து வளரும் கிளையினத்தின் ஆண் வாழ்நாள் முழுவதும் செந்நிறமாகவே இருக்கும். மழைக்காலம் தொடங்க இந்தியாவிலிருந்து வந்து சேரும் கிளையினத்தின் ஆண், வயது முதிர வெள்ளையாகிவிடும். ஒரே குடும்பம், இரண்டு ஊர், இரண்டு நிறம். இவ்வாறு ஓர் இனம் இடத்துக்கு இடம் சற்று வேறுபட்டிருப்பதையே கிளையினம் என்கிறார்கள்.

எமது செம்மார்புக் குருவியும் ஒருகாலத்தில் இவ்வாறே கருதப்பட்டது. ஐரோப்பாவில் கூடுகட்டி, குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வரும் செந்தொண்டை ஈப்பிடிப்பான் ஒன்று உண்டு. அதன் காஷ்மீர்க் கிளையினமே இது என்று பழைய நூலோர் சிலர் வகுத்தனர். 1955இல் ஜி. எம். ஹென்றி வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய ஆங்கிலக் கைநூல் இந்நாட்டில் பல தலைமுறைகள் பயன்படுத்திய நூல். அதை எழுதியவர் இலங்கைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பின்னர், நிறம், கழுத்துக் கரை, கூடுகட்டும் பிரதேசம் ஆகியவற்றை ஒப்புநோக்கி, இதைத் தனி இனமாகவே கொள்ளவேண்டும் என்று அறிஞர்கள் உடன்பட்டனர். 1934இல் இதற்கு இடப்பட்ட "சப்ரூப்ரா" என்ற இலத்தீன் பெயருக்குச் "சற்றே சிவந்தது" என்று பொருள்.

இந்தப் பெயர் மாற்றத்தால் விவசாயிக்கு என்ன என்று கேட்கலாம். பெரியதோர் இனத்தின் கிளை என்றால், இங்கே அழிந்தாலும் வேறெங்கோ அதன் உறவுகள் உண்டு என்று ஆறுதல் கொள்ளலாம். தனி இனம் என்றால் அந்த ஆறுதல் இல்லை. இது போனால் போனதுதான். உலகம் முழுவதிலும் முதிர்ந்த பறவைகள் பத்தாயிரத்துக்கும் குறைவாகவே இருக்கும் என்று மதிப்பிட்டு, அருகிவரும் ஆபத்துக்கு உள்ளான பறவைகளின் உலகப் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறார்கள்.

மூவாயிரம் கிலோமீற்றர்

இது பிறப்பது இமயத்தின் மேற்குக் கோடியில், காஷ்மீரிலும் அதை அடுத்த மலைப்பள்ளத்தாக்குகளிலும். ஆறாயிரம் முதல் ஒன்பதாயிரம் அடி உயரத்தில், இலையுதிர் காடுகளில், மரப்பொந்துகளில் கூடு வைக்கும். இந்தியாவும் பாகிஸ்தானும் பிரித்துக்கொண்ட அந்த மண்ணில், எல்லைக்கோட்டின் இரு பக்கத்திலும் இதன் கூடுகள் உண்டு. வைகாசி, ஆனி மாதங்களில் குஞ்சு பொரித்து, செப்டெம்பரில் அங்கு குளிர் இறங்கத் தொடங்கியதும் புறப்பட்டுவிடும்.

காஷ்மீரிலிருந்து நுவரெலியா நேர்கோட்டில் ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீற்றர். உள்ளங்கையில் அடங்கும் இச்சிறு உயிர் இந்தியாவின் முழு நீளத்தையும் கடந்து, கடலையும் தாண்டி, ஒக்டோபரில் எமது மலைக்கு வந்து சேருகிறது. மார்ச் கடைசியில் மீண்டும் வடக்கே புறப்படுகிறது. கணக்குப் பார்த்தால் ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம் இங்கேயே இருக்கிறது. "விருந்தாளிப் பறவை" என்று இதை எழுதுகிறார்கள். அரை ஆண்டு வசித்து, தன் எல்லைக்குள் இரை தேடி வாழும் ஒன்றை விருந்தாளி என்பது அவ்வளவு பொருத்தமாக எமக்குப் படவில்லை.

இரண்டு மலைகள்

இக்குருவி குளிர்காலத்தை எங்கெங்கே கழிக்கிறது என்று பார்த்தபோது ஒரு செய்தி எம்மை நிறுத்தியது. இலங்கையின் மத்திய மலைநாடு ஒன்று. நீலகிரியும் அதைச் சூழ்ந்த மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதியும் மற்றொன்று. இவை இரண்டுமே இதன் முக்கிய குளிர்கால வசிப்பிடங்கள்.

இந்த இரண்டு மலைகளையும் எமது மக்களும் அறிவார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் தீர்மானித்தார்கள். கப்பலேறியவர்களில் பல குடும்பங்கள் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் மீண்டும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தன. தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமாகிய டேன்டீ அவர்களில் பலருக்கு வேலை தந்தது. இங்கே எஞ்சியவர்களில் ஒரு பகுதியினர் 1977, 1983 கலவரங்களுக்குப் பின் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்து காடு வெட்டிக் கமம் செய்தார்கள். நாடற்றவர் என்ற நிலை 2003இல் நிறைவேறிய சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்தது.

நானுஓயாவில் ஒரு தங்கை, கோத்தகிரியில் ஓர் அண்ணன் என்று பிரிந்துபோன குடும்பங்களை நாம் அறிவோம். கடிதமும் தொலைபேசியும் தவிர அவர்களை இணைப்பது வேறில்லை. தை மாதத்தில் இருவர் வீட்டு வேலியிலும் இந்தக் குருவி வந்து அமரக்கூடும். அதற்குக் கடவுச்சீட்டு கேட்பவர் எவரும் இல்லை.

காட்டில் அல்ல, எமது வேலியில்

இனி முக்கிய விடயத்துக்கு வருவோம்.

அரிய பறவை என்றால் அடர்ந்த காட்டில் இருக்கும், அதைப் பாதுகாப்பது வனத் திணைக்களத்தின் வேலை என்றே பலரும் எண்ணுகிறோம். மலைநாட்டில் மிஞ்சிய காடு எது என்பதும் தெரிந்ததே. முதலில் கோப்பிக்காகக் காட்டை வெட்டினார்கள். 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னரே, 1867இல், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கியிருந்தார். மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டைத் தொடக்கூடாது என்று 1873இல் விதித்த தடையால் உச்சிகளில் கொஞ்சம் தப்பியது. ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடும் இன்று பாதுகாக்கப்பட்டவை. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தன.

ஆனால் எமது குருவி நடுக்காட்டை விரும்புவதில்லை. காட்டின் ஓரம், தேயிலைத் தோட்டம், வீட்டுத் தோட்டம், மரங்கள் நிற்கும் ஓடைக்கரை ஆகியவையே இதற்கு ஏற்ற இடம். ஏறத்தாழ 2,500 அடிக்கு மேலே எங்கும் காணலாம். நுவரெலியா நகரின் நடுவே உள்ள விக்டோரியா பூங்காவில், 1897இல் மகாராணியின் பெயர் சூட்டப்பட்ட அந்த இடத்தில், கழிவுநீர்க் கானின் ஓரமாக இதைப் பார்ப்பதற்கென்றே வெளிநாட்டார் கமெராவும் தொலைநோக்கியுமாக வருகிறார்கள். அந்தக் கானைக் கடந்து சந்தைக்குப் போகும் எமது மக்களில் பலருக்கு அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதே தெரியாது.

ஆகவே இக்குருவியின் அரை ஆண்டு வாழ்வு வேலியடைத்த சரணாலயத்தில் இல்லை. லயத்துப் பின்புறத்திலும், கானின் ஓரத்திலும், மரக்கறிப் பாத்தியின் விளிம்பிலும் இருக்கிறது. 1937ஆம் ஆண்டு வனசீவராசிகள் கட்டளைச் சட்டம் இதைக் கொல்வதைத் தடுக்கிறது. அது அமரும் வேலியை வெட்டுவதை எந்தச் சட்டமும் தடுக்கப்போவதில்லை. அந்த வேலியை வைத்திருப்பவர்கள் நாமே.

"எங்களுக்கு யார் இடம் விட்டார்கள்?"

இதை ஒரு விவசாயிகள் கூட்டத்தில் சொன்னோம். வந்திருந்தவர்கள் பெரும்பாலும் இடம்பெயர்ந்தவர்கள். மண்சரிவுக்கு லயத்தை விட்டவர்கள், அணைக்கட்டுக்கு வயலை விட்டவர்கள், கலவரத்துக்கு ஊரை விட்டுப் போய், போருக்குப் பின் திரும்பி வந்தவர்கள். இப்போது ஓடைக்கரையில் கைப்பிடி அளவு நிலத்தில் லீக்ஸும் கரட்டும் போடுகிறார்கள். பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார்.

"பாதர், குருவிக்கு இடம் விடுங்கன்னு சொல்றீங்க. சரி. எங்களுக்கு யாரு இடம் விட்டா?"

கூட்டம் அமைதியானது. எம்மிடம் உடனே பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்வி நியாயமானது. மலையைப் பல்லாயிரம் ஏக்கராக வெட்டியவர்கள் அவர்கள் அல்லர். நிலமற்றவனிடம் போய் முதலில் நிலத்தை விடச் சொல்வது முறையுமல்ல. காணி உரிமைக்கான கோரிக்கையைக் குருவியின் பெயரால் ஒத்திவைக்க நாம் ஒருபோதும் உடன்படமாட்டோம்.

ஆனால் அன்று கூட்டம் முடிந்தபின் அவரோடு அவருடைய நிலத்துக்குப் போனோம். ஓடையின் அக்கரையில் பக்கத்து நிலத்தார் மரங்களை எல்லாம் வெட்டி, தண்ணீர் விளிம்புவரை பாத்தி கட்டியிருந்தார். முந்தைய மழையில் கரை இடிந்து இரண்டு பாத்திகள் ஓடையோடு போயிருந்தன. இவருடைய பக்கத்தில் ஐந்து மரங்களும் கொஞ்சம் பற்றையும் நின்றன. கரை அப்படியே இருந்தது. "நெழல் விழுதுன்னு இந்த வருஷம் இதையும் வெட்டத்தான் நினைச்சேன்" என்றார். நாம் ஒன்றும் சொல்லவில்லை.

மண்ணை மரவேர் பிடித்து நிற்கும் என்பதை மலைநாட்டு மக்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாம் மறக்க இயலாது. அத்தகைய பெருஞ்சரிவை ஐந்து மரங்கள் தடுத்துவிடும் என்று சொல்லமாட்டோம். ஓடைக்கரையையும் மேல்மண்ணையும் ஊற்றையும் அவை காக்கும் என்பது உறுதி. குருவிக்கு விடும் அந்த நாலு முழ அகலம் விவசாயிக்கு முழு நட்டமல்ல என்பதே எமது பதில்.

பூச்சி விடயத்திலும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இக்குருவி ஒன்றே கோவாவின் புழுவை ஒழித்துவிடாது. ஆனால் பயிரின் பகைவருக்கும் பகைவர் உண்டு. தேயிலையில் இலைசுருட்டிப் புழு பெருகியபோது 1930களில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்தே அதை அடக்கினார்கள். வேலியும் பற்றையும் இருந்தால் குளவி, சிலந்தி, குருவி யாவும் தங்கும். எல்லாவற்றையும் மருந்தடித்துக் கொன்றால் முதலில் திரும்பி வருவது புழுதான்.

நாம் செய்யக்கூடியவை

1. ஓடைக்கரையில் நிற்கும் மரத்தையும் பற்றையையும் இயன்ற அளவு விடுங்கள். நிழல் கூடினால் கிளையைக் கழியுங்கள், அடியோடு வெட்டாதீர்கள்.

2. ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டியவர்களும் ஒரு பக்கத்துக்காவது உயிர்வேலி வைக்கலாம். காட்டுச் சூரியகாந்தி வேலியும் ஆகும். அதன் தழை பாத்திக்கு நல்ல பசளையும் ஆகும்.

3. மருந்து அடிப்பதானால் பூச்சி கண்ட பாத்திக்கு மட்டும் அடியுங்கள். ஓடையில் மருந்துப் போத்தலையும் தெளிகருவியையும் கழுவவேண்டாம். அந்தத் தண்ணீரைக் கீழே ஒரு குடும்பம் குடிக்கிறது.

4. பிள்ளைகளின் கையில் உள்ள கெற்றப்போலை வாங்கி வையுங்கள். அதற்குப் பதிலாக ஒரு கொப்பியைக் கொடுங்கள். ஐப்பசியில் குருவியை முதலில் கண்ட நாள், பங்குனியில் கடைசியாகக் கண்ட நாள், கண்ட இடம் ஆகிய மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1976 முதல் இயங்கும் கள பறவையியல் குழு இத்தகைய குறிப்புகளை மதிப்பது. தோட்டத்துப் பிள்ளை எழுதும் திகதி ஆராய்ச்சியாளருக்கும் பயன்படும்.

5. பறவை பார்க்க வருவோருக்கு வழிகாட்டுவது நுவரெலியாவில் சிலருக்குத் தொழிலாகிவிட்டது. இக்குருவி எந்த வேலியில், எந்த நேரத்தில் அமரும் என்பதைத் தோட்டத்து இளைஞர் போல் அறிந்தவர் வேறு எவரும் இல்லை. அந்த அறிவுக்கு விலை உண்டு என்பதை அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

இந்த ஆண்டு மாசி மாதம் அந்த விவசாயியின் நிலத்துக்கு மறுபடியும் போனோம். ஐந்து மரங்களில் இரண்டை வெட்டியிருந்தார். கரட் பாத்திக்கு வெயில் வேண்டியிருந்தது என்றார். மூன்று நின்றன. குருவி வந்ததா என்று கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் மண்வெட்டிக் காம்பால் ஓடைப்பக்கம் காட்டினார். கற்களுக்கு மேல் தாழ்ந்த கிளையில் அது வாலைச் சுண்டிக்கொண்டு இருந்தது.

லயத்து மூதாட்டிக்கும் அது போகும் ஊரின் பெயரைச் சொன்னோம். "அவ்வளவு தூரமா?" என்று வியந்தார். பிறகு, "அங்கேயும் அதுக்கு மரம் விட்டு வைச்சிருப்பாங்களா சாமி?" என்று கேட்டார். அங்கும் விறகுக்கும் பலகைக்கும் விவசாயத்துக்கும் அந்தக் காடுகள் வெட்டப்பட்டே வருகின்றன என்ற உண்மையைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கூடையைச் சரிசெய்துகொண்டு, "அப்ப இங்கயாவது இருக்கட்டும்" என்று மலைக்குப் போனார்.

வாசகர்களே, ஐப்பசி பிறந்ததும் உங்கள் வேலியைப் பாருங்கள். கண்ட நாளை எமக்கும் எழுதி அனுப்புங்கள்.